குத்தகை நிலத்தில் ஒரு கூரை

லைப்ஸிக் நகரத்துக்கு வரும் பிரயாணிகளில் பெரும்பாலோர், ஸெபாஸ்டியன் பாஹ் என்ற சங்கீத மேதை 1723 முதல் 1750-இல் மறையும் வரையில் பணி புரிந்த தோமஸ் தேவாலயத்தைக் காணவே வருகிறார்கள். நானும் அங்கே போய், ஆர்கன் வாத்தியம் ஒலிக்கும் வேளையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். ஆயினும் அந்த ஊருக்கு என்னை வரவழைத்த காரணம் வேறு. லண்டன் மாநகரத்தின் வடமேற்கே ஹாரோ என்னும் பகுதியில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், பல வருஷங்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த பிறகு, காய்கறி பயிரிடுவதற்கென்று நகரசபையிடமிருந்து ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றிருந்தார். அலாட்மென்ட் என்று இங்கிலாந்தில் வழங்கும் அந்த நிலத்தில் முதல் வருஷம் முழுவதும் மழைக்கு ஒதுங்க ஓரிடமில்லாமல் பாடுபட்டவர், இரண்டாம் வருஷம் அதில் ஒரு கொட்டகை போடத் தீர்மானித்து, நான் புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்தார். "நீர் ஐரோப்பாவுக்குள்ளாலதானே வாறீர், தம்பி, அங்கத்தைச் சனம் தோட்டத்திலை கொட்டில் எப்பிடிப் போடுதெண்டு வடிவாப் பாத்துக்கொண்டு வாரும்" என்றார்.

அந்தக் கோரிக்கை எனக்கு மிகவும் உகந்ததாயிருந்தது. கோபுரங்களைப் பற்றியும் அரண்மனைகளைப் பற்றியும் எழுதியவர்கள் அநேகர். மண்வெட்டி வைக்கவும் மழைக்கு ஒதுங்கவும் ஒரு சாதாரண மனிதன், தனக்குச் சொந்தமல்லாத நிலத்தில், தன் கையால் எழுப்பும் சின்னஞ்சிறு கூரையைப் பார்த்தாலே ஒரு தேசத்தின் சட்டமும் சரித்திரமும் ஜனங்களின் சுபாவமும் விளங்கும் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அதைச் சோதித்துப் பார்க்க இது நல்ல சந்தர்ப்பமாக வாய்த்தது.

ஜெர்மனியில் இத்தகைய நிலங்களை ஷ்ரேபர் தோட்டங்கள் என்று அழைக்கிறார்கள். மோரிட்ஸ் ஷ்ரேபர் லைப்ஸிக்கில் வாழ்ந்த வைத்தியர். நகரத்துக் குழந்தைகள் திறந்த வெளியில் ஓடியாடித் தேக பலம் பெற வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவர் தம் வாழ்நாளில் இப்படி ஒரு தோட்டத்தை அமைத்தவரல்லர். 1861-இல் அவர் காலமான பின்னர், எர்ன்ஸ்ட் ஹௌஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் 1864-இல் பெற்றோர்களைக் கூட்டிச் சங்கம் ஒன்று நிறுவி, அதற்கு ஷ்ரேபரின் பெயரைச் சூட்டினார். மறு வருஷம் குழந்தைகளுக்கென்று ஒரு விளையாட்டு மைதானம் திறக்கப்பட்டது. சில வருஷங்களுக்குப் பின் கெஸெல் என்ற ஆசிரியர் அந்த மைதானத்தின் ஓரமாகக் குழந்தைகளே பயிரிடுவதற்குச் சிறு பாத்திகள் வகுத்துக் கொடுத்தார். குழந்தைகள் விதை ஊன்றுவதில் காட்டிய உற்சாகத்தைக் களை பிடுங்குவதில் காட்டவில்லை. உடன் வந்த தாய்தந்தையர் பாத்திகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். பாத்திகள் குடும்பத் தோட்டங்களாக விரிந்தன. தோட்டங்களைச் சுற்றி வேலி வந்தது. வேலிக்குள் நாற்காலியும் நிழலும் வேண்டியிருந்தன. நிழலுக்காகக் கொடிப் பந்தலும், நாளடைவில் பந்தலின் இடத்தில் மரக் குடிலும் எழுந்தன.

1896-இல் கட்டப்பட்ட அந்தச் சங்கத்தின் கட்டடத்திலேதான் இன்று ஜெர்மானியச் சிறுதோட்டங்களின் மியூசியம் இருக்கிறது. கட்டடத்துக்கு அருகே பழங்காலத் தோட்டங்களையும் குடில்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நான் அங்கே கழித்த பிற்பகல் இன்றும் மனத்தில் நிற்கிறது. கூரான கூரை, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டி அடித்த முகப்பு, ஒரு சாளரம், சாளரத்துக்குத் திரைச்சீலை, வாசலில் ஒரு பெஞ்சு. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் மாட்டிய பூவாளி. நாலைந்து மாடி ஏறிச் சென்று இருட்டான அறைகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு, ஞாயிற்றுக்கிழமையன்று இந்த வாசலில் உட்காருவது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குடிலைக் கட்டிய தச்சன் எந்தச் சிற்ப சாஸ்திரமும் கற்றவனல்லன். ஆனால் வாசற்படியின் உயரத்தையும், உட்கார்ந்தவனின் கண்ணுக்கு நேராகச் சாளரம் வர வேண்டிய இடத்தையும் அவன் தவறாமல் அறிந்திருந்தான்.

மியூசியத்தை விட்டு வெளியே வந்து இன்றைய தோட்டங்களுக்கிடையே நடந்தபோது, குடில்கள் யாவும் ஏறக்குறைய ஒரே பருமனாயிருப்பதைக் கவனித்தேன். வேலியருகே நின்ற முதியவர் ஒருவர், ஆங்கிலம் நன்கு அறிந்தவர், அதன் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். 1983-ஆம் வருஷத்துச் சிறுதோட்டச் சட்டத்தின்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேற்படக் கூடாது. நம் கணக்கில் அது பத்துச் செண்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் எழும் குடில், கூரையிட்ட திண்ணையையும் சேர்த்து, 24 சதுர மீட்டருக்குள் அடங்கியதாகவும், எளிய முறையில் கட்டப்பட்டதாகவும், நிரந்தர வாசத்துக்கு ஏற்றதல்லாததாகவும் இருக்க வேண்டும். குத்தகைத் தொகைக்கும் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் பழமும் காய்கறியும் பயிரிடும் வியாபாரிகள் தம் நிலத்துக்குக் கொடுக்கும் குத்தகையைப் போல் நான்கு மடங்குக்கு மேல் யாரும் வாங்க முடியாது. தோட்டம் என்பதனாலேயே அந்தச் சலுகை. குடில் பெருத்து வீடாகிவிட்டால், இந்த நிலத்துக்கு மட்டும் வீட்டு மனையின் விலை ஏன் கூடாது என்று நிலத்துக்கு உரியவன் கேட்பான். அப்போது அவனுக்குச் சொல்ல நியாயமான பதில் இராது. அதனால்தான் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கிலாவது காயும் கனியும் விளைய வேண்டும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்புச் செய்தது. குடிலின் சிறுமையே தோட்டத்தின் பாதுகாப்பு என்ற இந்தக் கருத்தை அந்த முதியவரிடமிருந்து நான் பெற்றேன். அதன் பிறகு கண்ட ஒவ்வொன்றையும் அதைக் கொண்டே மதிப்பிட்டேன்.

ஆனால் சட்டத்தின் நியாயத்துக்கு எதிரே மனிதனின் அவசியம் வந்து நிற்கும் காலமும் உண்டு. வடக்கே ப்ரேமன் நகரத்தில் அதன் கதையைக் கேட்டேன். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுகளால் அந்தத் துறைமுக நகரம் பெரிதும் அழிந்து, ஜனங்கள் ஒண்டுவதற்கு இடமின்றித் தவித்தபோது, மேயராயிருந்த வில்ஹெல்ம் கைஸென், 1945-இல், தோட்டத் துண்டுகளில் குடில் கட்டி வாழ்ந்துகொள்ளலாம் என்று அனுமதி அளித்தார். இடிபாடுகளிலிருந்து பொறுக்கிய செங்கல்லும் பலகையுமே சாமான்கள். கைஸென் வீடுகள் என்று இன்றும் அவருடைய பெயரால் வழங்கும் அந்தக் குடில்களில் குடும்பங்கள் பெருகின. ஓர் அறை இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. நகரம் மீண்டும் எழுந்த பிறகும் பலர் அங்கிருந்து போகவில்லை. பின்னாளில் நகர நிர்வாகம் அவர்களைத் துரத்தாமல், இருப்பவர்கள் தம் ஆயுள் வரையில் இருக்கலாம், அதன் பின் வீட்டை இடித்து நிலத்தைத் தோட்டமாக்குவது என்று ஏற்பாடு செய்தது. அந்த ஏற்பாட்டில் உள்ள தாட்சண்யம் போற்றத்தக்கது. வீடில்லாதவனுக்குத் தோட்டக் குடிலைத் திறந்துவிட்டது தர்மம். வீடுகள் வந்த பின் குடிலைத் தோட்டத்துக்குத் திருப்பித் தர முற்பட்டதும் தர்மமே.

ஹாலந்தின் ஹூக் துறைமுகத்தில் இரவில் கப்பலேறி, காலையில் ஹார்விச்சில் இறங்கினேன். கடல் அமைதியாயிருந்தது.

இங்கிலாந்தின் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. 1908-ஆம் வருஷத்துச் சிறுநில, அலாட்மென்ட் சட்டம் ஊர்ச் சபைகளின் மேல் ஒரு கடமையைச் சுமத்தியது: ஊரில் வரி செலுத்துவோர் அல்லது வாக்காளர்களில் ஆறு பேர் சேர்ந்து நிலம் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால், சபை அந்தத் தேவையை ஆராய்ந்து நிலம் தேடித் தர வேண்டும். சம்பிரதாயமான துண்டின் அளவு, 'போல்' என்னும் நில அளவையில் பத்து. அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, ஆறேகால் செண்ட். அந்தச் சட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்த பிரிவு ஒன்று உண்டு. குத்தகை முடிந்து வெளியேறுபவன், தான் கட்டியதோ விலைக்கு வாங்கியதோ ஆன கருவிக் கொட்டில், கொட்டகை, கண்ணாடிப் பசுங்கூடம், கோழிக் கூடு, பன்றிக் கொட்டில் இவற்றுக்கு நஷ்டஈடு கிடைக்காதாயின், குத்தகை தீருமுன் அவற்றைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று அது பெயர் பெயராகச் சொல்கிறது. நிலம் சபையுடையது, அதன்மேல் நிற்கும் நாலு பலகை அவனுடையது. இதிலிருந்தே கட்டும் முறையும் பிறக்கிறது. அஸ்திவாரம் தோண்டிக் காங்கிரீட் ஊற்றியவன் எதைப் பெயர்த்து எடுத்துப் போக முடியும்? ஆகையால் அநேகமாக எல்லாச் சபைகளும், கொட்டகை பூமியின்மேல் வைக்கப்பட்டதாக இருக்க வேண்டுமேயன்றிப் பூமிக்குள் புதைக்கப்பட்டதாக இருத்தல் கூடாது என்று விதிக்கின்றன.

இந்தச் சட்டங்கள் பிறப்பதற்கு முன்பே நிலத்துண்டுகளில் கட்டப்பட்ட குடில்களைக் காண வார்விக்குக்கும் நாட்டிங்ஹாமுக்கும் போனேன். வார்விக்கில், குதிரைப் பந்தய மைதானத்தின் அருகே, ஹில் க்ளோஸ் தோட்டங்கள் என்று பதினாறு துண்டுகள் உயிர்வேலிகளுக்குள் பத்திரமாயிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தம் கடைகளுக்கு மேலேயே குடியிருந்து, வீட்டைச் சுற்றிக் கையகல மண்ணும் இல்லாத வியாபாரிகள் அமைத்த தோட்டங்கள் அவை. செங்கல்லால் கட்டிக் கணப்பும் வைத்த சிறு கோடைக் குடில்கள் சில அங்கே நிற்கின்றன. அவ்விடத்தில் வீடுகள் கட்டச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் முயற்சி நடந்தபோது ஊரார் எதிர்த்து நின்று தடுத்தார்கள் என்று கேட்டு மகிழ்ந்தேன்.

நாட்டிங்ஹாமின் செயிண்ட் ஆன்ஸ் தோட்டங்கள் அதைவிட விஸ்தாரமானவை. எழுபத்தைந்து ஏக்கர் பரப்பில், குன்றின் சரிவு முழுதும், ஒவ்வொரு துண்டுக்கும் ஆளுயர உயிர்வேலியும் தனி வாயிலும் அமைந்து, மேலிருந்து பார்த்தால் பச்சை அறைகளாலான ஒரு நகரத்தைப் போல் தோன்றுகின்றன. இவ்வகைத் தோட்டங்களில் உலகில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானவையும் மிகப் பெரியவையும் இவையே என்று கருதப்படுகின்றன. சரிகைப் பின்னலுக்கும் காலுறைக்கும் பேர் பெற்ற அந்த ஊரில், 1845-ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில், சுற்றியுள்ள பொது நிலங்களில் வீடு கட்ட வழியில்லாமல், ஜனங்கள் நெருக்கமான சந்துகளுக்குள் அடைந்து கிடந்தார்கள். அவர்களுக்கு மூச்சுவிட இடம் தந்தது இந்தக் குன்று. ஆரம்பத்தில் வசதியுள்ள வியாபாரிகள் இங்கே செங்கல் குடில்கள் கட்டினார்கள். பிற்பாடு துண்டுகள் தொழிலாளிகளின் கைக்கு வந்தன. அவர்கள் ரோஜா வளர்த்தார்கள். ரெனால்ட்ஸ் ஹோல் என்ற பாதிரியார் ரோஜாவைப் பற்றி 1869-இல் வெளியிட்ட நூலில், இந்தத் தொழிலாளிகள் ஈஸ்டர் சமயத்தில், வெளியே குளிர் நீங்குமுன்னரே, கண்ணாடிக் கூரையின் கீழ் மலர வைத்த ரோஜாக்களின் கண்காட்சிக்குத் தம்மை நடுவராக அழைத்ததையும், உறைபனி கடுமையான இரவுகளில் தம் படுக்கைக் கம்பளியையே எடுத்துச் செடிகளுக்குப் போர்த்தியவர் அவர்களிடையே இருந்ததையும் எழுதியிருக்கிறார். அந்தக் குன்றின் பாதைகளில் நடந்தபோது, தளர்ந்த செங்கல் குடில் ஒன்றின் வாசலில் நெடுநேரம் நின்றேன். அந்தக் கம்பளி இப்படிப்பட்ட ஒரு கூரையின் கீழிருந்துதான் போயிருக்கும்.

அதே குன்றில் செங்கல் குடில்களுக்கு அடுத்தடுத்து வேறு வகைக் கொட்டகைகள் நிற்கின்றன: மூன்று பழைய கதவுகளை மூன்று சுவராக்கியது ஒன்று, யாரோ மாற்றி எறிந்த வீட்டுச் சாளரங்களைக் கொண்டே கட்டியது மற்றொன்று. சர்க்கார் நியமித்த குழு ஒன்று, பேராசிரியர் ஹாரி தோர்ப் என்பவரின் தலைமையில் அலாட்மென்ட்களை ஆராய்ந்து, 1969-இல் அறிக்கை சமர்ப்பித்தது. ஐரோப்பாவின் ஒழுங்கான தோட்டங்களை அக்குழு மெச்சியது. இங்கிலாந்திலும் இவற்றை ஓய்வுத் தோட்டங்களாகத் திருத்தி, நேர்த்தியான குடில்கள் அமைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பேராசிரியரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. என்றாலும், பழங்கதவுக் கொட்டகையைக் குறையாகக் கருதுவதை நான் ஒப்ப மாட்டேன். 1988-இல் இந்நிலங்களைப் பற்றிச் சிறந்த நூல் ஒன்றை எழுதிய டேவிட் க்ரௌச், காலின் வார்ட் என்ற இருவரும், கிடைத்ததைக் கொண்டு கட்டும் இந்தத் திறமைக்குத் தனி அழகு உண்டு என்று கண்டார்கள். என் அபிப்பிராயமும் அதுவே. ஒருவன் தன் தேவையை முன்னிட்டு, தன் வசதிக்குள், பிறர் கழித்துவிட்ட பொருளைக் கொண்டு கட்டுவது ஒழுங்கீனமாகாது. லைப்ஸிக்கின் நேர்த்தியை நான் மெச்சுகிறேன். ஆனால் கட்டியவனின் கையை நான் அதிகம் உணர்ந்தது நாட்டிங்ஹாமில்தான்.

இந்த எண்ணங்களோடு ஹாரோவுக்கு வந்து சேர்ந்தேன். "வாங்கோ, தம்பி" என்று வாயிலிலேயே வரவேற்ற நண்பர், தேநீர் முடிந்ததும் என்னை நிலத்துக்கு அழைத்துச் சென்றார். முப்பதடி அகலம், தொண்ணூறடி நீளம். உருளைக்கிழங்கும் லீக்ஸும் அவரையும் செழித்திருந்தன. முன்னாள் குத்தகைக்காரர் விட்டுப்போன கொட்டகை ஒன்று தெற்கு ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அதன் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. இங்கிலாந்து 1999-இல் ஆஸ்பெஸ்டாஸை முற்றிலும் தடை செய்துவிட்டபோதிலும், அதற்கு முன் போட்ட கூரைகள் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. உடைத்தால் எழும் நுண்ணிய நார் சுவாசத்தில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். ஆகையால் நண்பர் அதைத் தொடவில்லை. தோட்டச் சங்கத்தின் காரியதரிசியிடம் சொல்லி, பயிற்சி பெற்றவர்கள் வந்து தகடுகளை முழுதாகக் கழற்றி எடுத்துப் போகும்வரை காத்திருந்தார். புதிதாக நிலம் எடுப்பவர்கள் எல்லாரும் இந்த நிதானத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பக்கத்துத் துண்டில் அறுபது வயதைக் கடந்த ஆங்கில மாது ஒருவர் இருந்தார். அவருடைய கொட்டகை என்னை வியக்க வைத்தது. நெளிந்த இரும்புத் தகடுகளை வளைத்து உச்சியில் திருகாணியிட்டு இணைத்த, ஆறரை அடி நீளமும் நாலரை அடி அகலமுமான கூடு. யுத்த காலத்தில் ஜெர்மானிய விமானக் குண்டுகளுக்குத் தப்ப, வீட்டுத் தோட்டங்களில் பாதி புதைத்து, மேலே மண்ணிட்டு மூடி, குடும்பத்தோடு ஒடுங்கியிருந்த ஆண்டர்ஸன் புகலிடம் அது. 'வெற்றிக்காகத் தோண்டுவோம்' என்ற பிரசாரத்தால் இந்நாட்டில் ஏறக்குறைய 14 லட்சம் நிலத்துண்டுகள் பயிராகிக்கொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடிந்ததும் ஜனங்கள் பலர் அந்தத் தகடுகளைத் தோண்டி எடுத்துக் கொட்டகைகளாக்கிக்கொண்டார்கள். அந்த மாதுதான் நண்பருக்கு முதல் வருஷத்தில் சிறந்த ஆலோசனை சொன்னவர்: ஒரு குளிர்காலத்தைக் கழித்துப் பார், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்த பிறகு கட்டு என்றாராம்.

நிழலின் விஷயம் நம் நாட்டவர்களுக்கு எளிதில் விளங்காது. சென்னையில் டிசம்பர் மாதத்து நண்பகலிலும் சூரியன் பாதி வானத்துக்கு மேலேயே நிற்பதனால், ஏழடி உயரமுள்ள சுவரின் நிழல் ஐந்தடியளவில் அடங்கிவிடுகிறது. லண்டனில் அதே நாளில் சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகை அளவே எழும்புகிறது. ஏழடிச் சுவரின் நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய இருபத்தாறு அடிக்கு நீண்டு கிடக்கும். தெற்கே நின்ற பழைய கொட்டகையின் பின்னால் முன்னவருக்கு ஏன் ஒன்றுமே விளையவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனவே புதியதை வடக்கு எல்லையில், நடைபாதையை ஒட்டி, நிழல் அடுத்தவர் பாத்தியில் விழாமல் பாதையின்மேல் விழும்படி நிறுத்துவது என்று நிச்சயித்தோம். அந்நாட்டில் காற்றும் மழையும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகின்றன. ஆகவே கதவு தென்கிழக்கு மூலையில் அமைந்தது.

எதனால் கட்டுவது என்பதில் நண்பருக்குச் சிறிது மயக்கம் இருந்தது. கடைகளில் இரும்புத் தகட்டுக் கொட்டகை கிடைக்கிறது. குளிர் காலையில் அதன் உட்புறம் வியர்த்து நீர் சொட்டிக் கருவிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். பிளாஸ்டிக்கும் கிடைக்கிறது; இலகுவானது, பூச்சு வேண்டாதது, ஆனால் விரிசல் கண்டால் ஒட்டுப் போட இயலாது. மரத்தில், ஒரு பலகையின் விளிம்பு மறுபலகையின்மேல் சும்மா படிந்திருக்கும் வகை மலிவு. காய்ந்து வளைந்தால் இடைவெளியில் சாரல் புகும். பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் பொருந்தும் வகையே உறுதியானது, விலையும் கூடியது. நண்பரின் தெருவில் வீடு புதுப்பித்த ஒருவர், நாக்கும் காடியும் உள்ள பழைய தரைப் பலகைகளைப் பெயர்த்து வாசலில் குவித்து வைத்திருந்தார். கேட்டதும் சந்தோஷமாகக் கொடுத்தார். பழைய பைன் மரம். ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், நூற்றாண்டைக் கடந்தும் உள்ளே வைரம் குலையாமல் இருந்தது. கதவும் அங்கிருந்தே கிடைத்தது. சட்டத்துக்கும் தாங்கு கட்டைகளுக்கும் மட்டும் மருந்தேற்றிய புது மரம் வாங்கினோம்.

சங்கத்தின் விதி எட்டடிக்கு ஆறடி, உயரம் ஏழடி. காரியதரிசி எழுத்து மூலம் அனுமதி தந்தார். மண்ணைச் சமப்படுத்தி, மணல் பரப்பி, பழைய நடைபாதைக் கற்களைப் பதித்து, அவற்றின்மேல் தாங்கு கட்டைகளை வைத்தோம். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்றோட்டம் இருந்தால்தான் மரம் உளுக்காது. அந்த இடைவெளியில் லண்டன் நகரத்து நரிகள் வளை அமைத்துக் குட்டி போடும் என்று மாது எச்சரித்ததனால், சுற்றிலும் கம்பி வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கி அடித்தோம். கூரையை ஒரே சாய்வாக, தெற்கே உயர்த்தி வடக்கே தாழ்த்தி அமைத்தோம். தார்க் கம்பளத்தைத் தாழ்ந்த விளிம்பிலிருந்து விரிக்கத் தொடங்கி, மேல் விரிப்பு கீழ் விரிப்பின்மேல் நாலு விரற்கடை படியும்படி அடிக்க வேண்டும். மாற்றி அடித்தால் தண்ணீர் இணைப்புக்குள்ளேயே இறங்கிவிடும். தாழ்ந்த விளிம்பில் ஒரு தாழ்வாரக் குழாயும், அதன் கீழ் ஒரு பீப்பாயும் வைத்தோம். லண்டனில் வருஷ மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். நாற்பத்தெட்டுச் சதுர அடிக் கூரையிலிருந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 2700 லிட்டர் தண்ணீர் வரும். இந்தக் கணக்கைச் சொன்னபோது நண்பர் ஏணியிலிருந்து இறங்கி வந்து அந்தப் பீப்பாயைத் தொட்டுப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அவருடைய தகப்பனார் துலாவால் கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணில் வெங்காயம் போட்டவர்.

உத்தரத்தில் குறுக்காக மூன்று கம்புகளை அவர் தாமே பொருத்தினார். "ஐயா இப்பிடித்தான் கொட்டிலுக்கை வெங்காயத்தைப் பிடி பிடியாக் கட்டித் தூக்குவார், காத்துப் பட்டால் பழுதாகாது" என்றார். தரையோரம் உருளைக்கிழங்குச் சாக்குக்கு வெளிச்சம் படாத மூலை ஒன்று ஒதுக்கினோம். சாளரத்துக்குக் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் தகடே போதும் என்று காரியதரிசி சொன்னார். உடைந்த கண்ணாடி மண்ணில் கலந்தால் களை பிடுங்கும் கை அறுபடும் என்பது அவர் சொன்ன காரணம்.

பூட்டைப் பற்றித்தான் கடைசியில் விவாதம் எழுந்தது. பெரிய பூட்டு ஒன்றை நண்பர் வாங்கி வைத்திருந்தார். பூட்டைப் பார்த்தால் உள்ளே விலையுள்ளது ஏதோ இருக்கிறதென்று கள்வன் கதவையே பிளப்பான், நல்ல கருவிகளை வீட்டுக்கு எடுத்துப் போ, மிச்சத்தை வைத்துவிட்டுக் கொண்டி மட்டும் போடு என்று அந்த மாது பிடிவாதமாகச் சொன்னார். காரியதரிசியும் அதை ஆமோதித்தார். நண்பர் சிறிது யோசித்தார். நல்ல மண்வெட்டியையும், மண் கிளறும் நாற்பல் கருவியையும் எடுத்துக் காரின் பின்புறத்தில் வைத்தார். பழைய பூவாளி, கயிற்றுச் சுருள், நாற்றுத் தட்டுகள், மடக்கு நாற்காலி இரண்டு ஆகியவற்றை உள்ளே அடுக்கினார். கதவில் கொண்டியைத் திருகினார். பூட்டை அடுத்த நாள் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணத்துக்கு இன்னொரு பீப்பாய் வாங்கி வந்தோம்.